குட்டைக் காம்பு மண்வெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. உன் சித்தப்பா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார், நிறத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

உன் அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மனுஷர் போக்கே சரியில்லை. கடையில் எது மலிவோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், இரண்டு வெட்டு வெட்டினால் காம்பு கழன்று விழுகிற மண்வெட்டியோடு இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றவர், இப்போது கொல்லை வேலைக்கென்று மண்வெட்டி, களைக்கொத்தி, புல் அறுக்கிற அரிவாள் எல்லாம் புதிதாகச் செய்து வாங்கியிருக்கிறார். விலை ஒன்றும் அதிகமில்லை, ஆனால் இருபது வருஷத்துக்கு அசையாது என்று தட்டித் தட்டிக் காட்டுகிறார். இவர் எதையும் இருபது வருஷத்துக்கு யோசித்து நான் பார்த்ததில்லை, அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. இரவல் போய்த் திரும்பி வராத நம் ஏணியைப் போல இதுவும் சித்தப்பா வீட்டுக்குத்தான் போகப் போகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். எதுவும் போகவில்லை. ஆனால் இவரும் அதைத் தொடுவதில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நீ இரண்டு வெட்டு வெட்டிப் பாரேன் என்கிறார். எலுமிச்சைக்குப் பாத்தி கட்டச் சொல்கிறார், மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவி மாட்டச் சொல்கிறார். ரிட்டயர் ஆனதும் உடம்பு வணங்கவில்லையா என்று நன்றாகத் திட்டிவிட்டேன். ஒன்றுக்கு நான்கு பேசுகிறவர் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நேற்று மத்தியானம் அவர் தூங்கும்போது எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். மண்வெட்டிக் காம்பு குட்டை. அவர் பிடித்தால் முதுகு ஒடிந்துவிடும், எனக்கோ அளவெடுத்த மாதிரி இருந்தது. அரிவாளின் பல் மறுபக்கமாக வெட்டியிருந்தது, இந்த வீட்டில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவர் இதையெல்லாம் செய்யக் கொடுத்த இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவருக்கு இல்லம்மா. நாளைக்கு நீங்க தனியா கொல்லையப் பாத்துக்கிட்டாலும் சிரமப்படக் கூடாதுன்னு சொல்லித்தான் செஞ்சு வாங்கினாரு." எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

போன தடவை நீ வந்தபோது அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனது நீதான். நான் என் முழங்கால் மருந்துக்கு வெளியே வரிசையில் நின்றேன். வெளியே வந்து இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயுத்தொல்லை என்றீர்கள். வாயுத்தொல்லைக்கு உன் கண் ஏன் சிவந்திருந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுது. அம்மா தாங்கமாட்டாள் என்று நீங்கள் இருவரும் முடிவு கட்ட வேண்டாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரோடு மிச்சமிருக்கிற நாளையெல்லாம் நான் அவர்மேல் சந்தேகப்பட்டே தீர்த்துவிடக் கூடாது.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும். போனில் சொல்லாதே, அவர் பக்கத்திலேயே நிற்பார். என் பெயருக்குக் கடிதமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா