சரியான நிறத்துப் பவுடர்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்-17
6-3-1966

ரோசம்மாவின் அப்பாவுக்கு,

சேசம்மாள் எழுதுவது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். உங்கள் காய்ச்சல் விட்டதா, இல்லை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறதா என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வேலை செய்கிற கப்பல் போன மாதம் பதினெட்டாம் தேதி வந்துவிட்டது. நானும் ரோசம்மாவும் விடிந்ததும் போய்த் துறைமுகத்து கேட்டில் நின்றோம். எல்லோரும் வந்தார்கள், நீங்கள் வரவில்லை. கடைசியாக உங்கள் கப்பல் கூட்டாளி இன்னாசிமுத்து வந்தான். உங்களுக்குக் காய்ச்சல் என்றும், நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டது என்றும், அடுத்த கப்பலில் வந்துவிடுவீர்கள் என்றும் சொல்லி, உங்கள் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் கேட் வாட்ச்மேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பொட்டலத்தில் பவுடர் டப்பா ஒன்று, உதட்டுச் சாயம் ஒன்று, முகம் துடைக்கிற தண்ணீர் ஒரு பாட்டில். கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி நாலே வரி. மீதி இரண்டு பக்கமும் என் முகத்தைப் பற்றி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் எனக்கு இத்தனை நீளமாக எழுதியதே இல்லை. பிள்ளை பிறந்ததற்குக்கூட ஒரு பக்கம்தான் எழுதினீர்கள்.

பருவைக் கிள்ளாதே, கறுத்த தோலில் தழும்பு போகாமல் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றிருக்கிறது, சரிதான். எண்ணெய் வழிகிற முகத்தைப் பாட்டில் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது என்கிறீர்கள். பவுடரின் நிறத்தை மணிக்கட்டில் பார்க்கக் கூடாதாம், தாடையோரத்தில் தடவிப் பார்க்க வேண்டுமாம், கழுத்தும் முகமும் ஒன்றாக இருந்தால்தான் அது சரியான நிறமாம். கறுத்த உதட்டுக்கு ரோஸ் சாயம் எடுக்காது, நாவல்பழ நிறம்தான் எடுக்கும். வெளுக்க வைக்கிற க்ரீம் எதையும் தொடாதே, தோல் வெந்துபோகும். இதெல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. துணி துவைக்கிற பார் சோப்பையே முகத்துக்கும் போட்டுக்கொண்டு, “எல்லாம் அழுக்குதானட்டி, இதுக்கொண்ணு அதுக்கொண்ணா?” என்று என்னிடம் கேட்ட மனுஷர் நீங்கள்.

குற்றம் சொல்லவில்லை. சொன்னபடியே செய்து பார்த்தேன், பத்து நாளில் நெற்றிப் பரு அடங்கிவிட்டது.

இதுவரை நீங்கள் அனுப்பியதெல்லாம் ரோஸ் பவுடர். எந்தத் துறைமுகத்தில் வாங்கினாலும் அதே ரோஸ்தான். அதைப் போட்டால் என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், வியர்த்தால் சாம்பலாகத் திட்டுத் திட்டாக நிற்கும். பக்கத்து வீட்டு சைனப், அவள்தான், தோல் பட்டறைக்காரர் வீட்டம்மா, “ஏளா சேசம்மா, மாவு மில்லுல வேலைக்குச் சேந்துட்டியா?” என்று வாசலில் வைத்தே கேட்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் சாம்பல் புதன் பூசையில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசும்போது, இதற்கு மேல் எங்கே பூசுவது என்று பின்னால் யாரோ சொன்னார்கள், நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கும் காது இருக்கிறது.

ஆனாலும் போட்டேன். ஒரு ஞாயிறு விடாமல் போட்டேன். ஏனென்றால் அது ஏன் ரோஸாக வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் கல்யாணப் போட்டோவை மாட்டுங்கா ஸ்டுடியோவில் பிரம்மநாயகம் பென்சிலால் தீட்டித் தீட்டி என்னை வெள்ளைக்காரியாக்கி வைத்தார் அல்லவா. அந்தப் போட்டோவைத்தான் நீங்கள் சட்டைப் பையில் வைத்திருந்தீர்கள். பாஷை தெரியாத கடையில் அதை எடுத்து நீட்டி, என் வீட்டுக்காரி, இவளுக்குத் தோதாகக் கொடு என்று ஜாடை காட்டுவேன் என்று முதல் லீவில் வந்தபோது சொல்லிச் சிரித்தீர்கள். கடைக்காரப் பெண்கள் போட்டோவைப் பார்த்து ரோஸ் எடுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு டப்பா வரும்போதும், இந்தத் தடவையும் எங்கோ ஒரு ஊரில் நின்று என் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதை முகத்தில் பூசிக்கொண்டு கோயிலுக்குப் போக எனக்கு வெட்கமாக இல்லை.

இந்த டப்பாவைத் திறந்தேன். அசல் கருப்பட்டி நிறம். பூசினால் பூசிய இடம் தெரியவில்லை, பருத் தழும்பு மட்டும் மறைந்துவிட்டது. சைனப் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். “இப்பத்தாம்ளா ஒம் மொகம் ஒம் மொகமா இருக்கு. கடைக்காரனுக்கு ஒன் நிறம் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். சூது இல்லாமல்தான் கேட்டாள். போட்டோவைக் காட்டியிருப்பார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்குத் திக்கென்றது. அந்தப் போட்டோவைக் காட்டினால் இந்த நிறத்தை எவன் கொடுப்பான்?

யாரோ ஒருத்தி உங்கள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளுடைய தாடையோரத்தில் தடவிப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

மறுநாளே இன்னாசிமுத்து வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிதத்தில் தெரு விலாசம் மட்டும்தான் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். “அண்ணாச்சிக்கு அங்க நல்ல கவனிப்பு மதினி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதிய” என்றான். கவனிக்கிறது நர்ஸா என்று கேட்டேன். “ஆஸ்பத்திரின்னா, அது ஒரு வீடு மாதிரிதான் மதினி” என்று இழுத்தவன், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். நான் டீ குடித்து முடித்து அவன் பெண்சாதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பும்வரை அவன் கை கழுவி முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்குத் தெரியாது. இந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்து அனுப்பியிருக்கலாம் நீங்கள்.

அவள் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நல்ல மனசுக்காரியாகத்தான் இருப்பாள். கண்ணால் பார்க்காத ஒருத்தியின் பருவுக்கும் தழும்புக்கும் இவ்வளவு பொறுமையாக யார் சொல்வார்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். என் வயிறு எரிகிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவளிடம் என்னை யார் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்? தங்கச்சி என்றா?

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ரோசம்மா என் நிறம், உங்கள் நிறம் இல்லை. இந்தத் தெருப் பிள்ளைகள் இந்தியில் “காலி, காலி”, கறுப்பி கறுப்பி என்று அவளைக் கூப்பிடுவதும், அவள் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுவதும் நீங்கள் பார்த்ததுதான். நான் இல்லாத நேரத்தில் அந்த டப்பாவைத் திறந்து கன்னத்தில் பூசியிருக்கிறாள். நான் வந்ததும் ஓடி வந்து, “அம்மா, அப்பாவுக்கு நம்ம கலர் தெரிஞ்சுபோச்சும்மா” என்று குதித்தாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு அடிக்கவில்லை. எதற்கு அடி என்று கேட்டால் என்ன சொல்வேன்?

மே மாதம் முதல் ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளை கவுன் சைனப்தான் தைக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பாமார் மெழுகுதிரி ஏற்றிக் கொடுப்பார்களாம், எனக்கு எங்கள் அப்பா கப்பலில் வந்து ஏற்றிக் கொடுப்பார் என்று கன்னியாஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். போகும்போது நீங்கள் சொன்ன வாக்கு அது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

புது டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பழைய டப்பாவின் ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் பூசிக்கொண்டுதான் இன்று காலைப் பூசைக்குப் போனேன். சைனப் பார்த்துவிட்டு, கவுனுக்கு அளவெடுக்க ரோசம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

புதுநன்மைக்கு முன் வந்துவிடுங்கள். வந்தால் இந்தக் கடிதத்தை நானும் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. வர மாட்டீர்கள் என்றால் அதை உங்கள் கையால் எழுதுங்கள், இன்னாசிமுத்துவின் வாயில் போட்டு அனுப்ப வேண்டாம். இரண்டும் இல்லாமல் இனியும் டப்பாதான் வரும் என்றால், அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டி வாங்கி அனுப்புங்கள். ரோஸாகவே இருக்கட்டும்.

உங்களுக்குக் காய்ச்சல் என்பது மெய்யானால் மாதா உங்களைச் சீக்கிரம் சுகப்படுத்தட்டும். பொய்யானாலும் உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
சேசம்மாள்

மனைவி என்றுதான் எழுதியிருக்கிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டினால் அந்த இடத்தை மாற்றாமல் வாசியுங்கள்.