கணவாய்க் குஞ்சுகளின் தீனி

சித்திரை 19, வெள்ளி

கடலில் மீன் பிடிக்க இறக்கிய கூடுகளில் ஒட்டியிருந்த கணவாய் முட்டைகளைக் கழற்றி வந்து, தொட்டியில் பொரிக்க வைத்தவள் நான். அம்மாவோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அன்று, அக்காவின் கணவர் பாதிக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மீனவர் சங்கக் கூட்டத்தில் தானே பொரிக்க வைத்ததாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

இன்று காலை வாசல் படலையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, குஞ்சுகள் ஒண்டும் தின்னுதில்லை. நீ என்ன போடுறனி?"

கணவாய்க் குஞ்சு அசைகிற இரையைத்தான் பிடிக்கும். அதற்காகத்தான் தினமும் விடியமுன் களப்புத் தண்ணீரில் இறங்கி, உயிரோடு கூனி இறால் வடித்து வருகிறேன்.

"செத்த றாலை அரைச்சுப் போடுங்கோ அத்தான்."

பின்னேரம் போன் எடுத்தார். "போட்டனான். எல்லாம் அடியிலை கிடக்குது."

"பழகும் அத்தான். இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

இப்போது அவருடைய தொட்டித் தண்ணீர் நாறத் தொடங்கியிருக்கும். பசி முற்றினால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும். அவை முட்டைக்குள் அசைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். அதை நினைக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் அவருடைய தொட்டியைப் பார்க்கப் போகிறார்கள். கைதட்ட நானும் போவேன்.