மரத்தில் சிவப்பு ஸ்டிக்கர்

ஆடி 2, வெள்ளி

விடியலிலிருந்தே காற்று. கம்பெனித் தோட்டம் முழுக்கச் சருகு. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ஷிப்டுக்கு முன்னாலேயே கூட்டி முடித்திருப்பார். தை மாதம் போனவர். தோட்டத்துக்கு இன்னும் வேறு ஆள் போடவில்லை.

மதியம் பெரிய மரத்தடியில் சாப்பாடு. பை, அவர் அந்த மரத்தில் அடித்த ஆணியில். பழைய மரங்களைப் பதிவு செய்ய என்று ஒரு பெண் டேப்போடு வந்தது.

"மாருக்கு நேரா சுத்தளவு எடுக்கோணுங்க்கா."

என்னோடு பனியன் செக்கிங்கில் நிற்கும் செல்வி, திருநெல்வேலிக்காரி: "செஸ்ட் அளவா? டபுள் எக்ஸ்எல்லும் பத்தாதுல்லா!"

ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். அந்தப் பெண் ஆணியைத் தடவிப் பார்த்தது. போட்டோ எடுத்தது. போகும்போது மரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது. சிரிப்பு போச்சு.

ஆடி 3, சனி

தூக்கமில்லை. பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை கண்டால் நாங்கள் ஒட்டுவது சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டினால் ரிஜெக்ட். இல்லாவிட்டால் பாஸ். கார் நிறுத்த இடமில்லை என்று மேனேஜர் வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார். வெட்டத்தான் போகிறார்கள்.

செல்வி: "எக்கா, ஸ்டிக்கரக் கிழிச்சுப் போட்டுருவமா?"

"வேண்டாங் கண்ணு. கேமரா இருக்குது."

ஆணியைப் பார்த்துத்தான் அந்தப் பெண் டேமேஜ் என்று ஒட்டியிருக்கும். சாயங்காலம் அவர் போட்டோ முன்னால் நின்று திட்டினேன். பை மாட்ட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று. அப்புறம் அழுகை.

ஆடி 4, ஞாயிறு

லீவு. துவைத்தது காற்றில் பறந்து பக்கத்து மாடியில். ரசம் மட்டும்.

ஆடி 5, திங்கள்

அந்தப் பெண் திரும்ப வந்தது. மரத்துக்கு முன்னால் நட ஒரு பலகையோடு. ஓடினேன்.

"கண்ணு, எப்போ வெட்டறீங்க?"

"வெட்டறதா? ஆருங்க சொன்னது?"

"செவப்பு ஒட்டீட்டீங்களே. ரிஜெக்ட்டுத்தானுங்க?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. "அய்யோ, எங்களுக்குச் செவப்புன்னா ஆரும் தொடக்கூடாதுங்க்கா. மேனேஜரும் சம்மதிச்சுட்டாருங்க."

அங்கேயே வேர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மரத்தின் பேர் சந்தன வேம்பாம். சிடார் என்றும் சொல்வார்களாம். மலையில் வளரும் மரம், இந்த வெயிலில் தப்பியதே பெரிசு என்றது. அவருக்கு அது வெறும் 'பெரியவன்'. தண்ணீர் விட்டது அவர்தான் என்றேன்.

"அவரு அடிச்ச அந்த ஆணிங்க, கண்ணு?"

"பாதிய மரமே முழுங்கீருச்சுங்க. புடுங்குனா பட்டை கிழியும். அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போட்டோவிடம் போனேன்.

"ஏனுங்க, சனிக்கெழம திட்டுனத மனசுல வெச்சுக்காதீங்க. ஆணி பாஸ்."