லொரெட்டாவிடம் போன துப்பாக்கி

அன்புள்ள ஹார்லனுக்கு, முழங்கால் வலி தேவலையா? மான் வேட்டை முகாமில் சமைத்துப் போட்டுக்கொண்டு நான் சுகமாகவே இருக்கிறேன்.

கட்டிய மனைவி என்னைக்கூடத் தொடவிடாத உங்கள் அப்பா காலத்து லீவர் துப்பாக்கியை, பக்கத்து வீட்டு லொரெட்டாவிடம் கொடுத்து வேட்டைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கொம்பு மான் எதிரே வந்ததும் அவள் பதறிப்போய், சுடாமலே, தோட்டாவை ஏற்றி இறக்கும் அந்த லீவரை ஆட்டி ஆட்டி, தோட்டா எல்லாவற்றையும் பனியில் கொட்டிவிட்டாள். மான் நின்று பார்த்துவிட்டுப் போனது.

மானைத் தவறவிட்டவரின் சட்டையின் கீழ்முனையை வெட்டிச் சுவரில் ஆணியடித்து வைப்பது முகாம் வழக்கமல்லவா? "பாட்டி, நீங்களே வெட்டுங்க!" என்று முகாம் பையன்கள் கத்தரிக்கோலை நீட்டினார்கள். பார்த்தால், அவள் போட்டிருப்பது நான் பொத்தான் தைத்த உங்கள் சட்டை!

"குளிருமேன்னு ஹார்லன்தான் குடுத்தாரு, அக்கா" என்றாள் லொரெட்டா.

தோள்வரை வெட்டிவிட்டேன்.

துப்பாக்கி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வேண்டுமானால் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது என் கம்பளிக் காலுறையும் கொண்டுவாருங்கள். சூப் பொங்குகிறது.

வெர்னா