மேல வீதிக்கு நாற்பது நிமிடம்

அன்புள்ள கயல் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன், முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது, நீ அந்தக் குளிர் ஊரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள ஆசை. உன் ஆபீஸ் தோழி நவ்யா ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து சுவீடனுக்குத் திரும்புகிறாளாம், அவளிடம் இந்தக் கடிதத்தோடு சென்னிமலைப் போர்வை இரண்டும் பருப்புப் பொடி ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் நிறுத்திவிடுகிறேன், இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. பக்கத்து வீட்டு மெர்சியின் மகளுக்குப் பொள்ளாச்சியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. நம் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். உன் அப்பா காலமான பிறகு பஞ்சாயத்தில் எனக்குக் கொடுத்த டேங்க் ஆபரேட்டர் வேலையை இன்னும் நான்தான் பார்க்கிறேன், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, முறை வைத்து ஒவ்வொரு வீதிக்கும் வால்வு திறந்து விடுகிற அதே வேலை. அது போதாதென்று நீ வேறு ஒரு வேலை கொடுத்தாய். ஊர் கட்டி ஆட்களைக் குடிவைத்துப் பஞ்சத்தில் காப்பாற்றுகிற கம்ப்யூட்டர் ஆட்டம் ஒன்று எங்கள் ஆபீஸில் செய்கிறோம், இதில் மழையும் வெயிலும் தண்ணீரும் என் பொறுப்பு, தண்ணீர் நிஜமாக ஓடுகிற மாதிரி ஓடுகிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று டேப்லெட் அனுப்பினாய். நம் காலனியை யாரும் இவ்வளவு யோசித்துக் கட்டவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நானும் பொறுப்பாகத்தான் பார்த்தேன். வால்வைத் திறந்த உடனே உன் ஆட்டத்தில் பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது, அது பொய், முதலில் காற்றுதான் சீறும், பிறகு துருத் தண்ணீர், அதற்கப்புறம்தான் நல்ல தண்ணீர் என்றேன். மேட்டு வீதிக்கு ஏற நேரம் பிடிக்கும், கீழே இருக்கிறவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் கடைசி வீட்டுக்கு ஏறும் என்றேன். மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்கிறதே, ஆனைமலைப் பக்கம் கொட்டும்போது இங்கே ஒரு பொட்டு விழாதே என்றேன். ஒவ்வொன்றையும் திருத்தி அனுப்பினாய். குட்டை சீக்கிரம் வற்றுவதும் ஆழக் கிணறு தாங்குவதும் எல்லாம் அச்சு அசலாக வந்துவிட்டது. என் மகள் கெட்டிக்காரி என்று மெர்சியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆட்களுக்குப் பேர் வைக்கலாம் என்று நீ சொல்லியிருக்கக் கூடாது. முதல் ஆளுக்கு நான் வைத்த பேர் ஈஸ்வரமூர்த்தி. மேல வீதிக் கடைசி வீட்டுத் தோட்டத்துக்காரர், பண்ணாடி பண்ணாடி என்று கூப்பிட்டு நம் நாக்குத் தேய்ந்ததே, அவரேதான். அவருக்கு மேட்டில் வீடு கட்டிக் கொடுத்து வால்வை மூடினேன். தாகத்தைக் காட்டத் தலைக்கு மேலே நீ வைத்திருக்கிற தண்ணீர்ச் சொட்டு நீலமாக இருந்தது மஞ்சளாகி, சிவப்பாகி, மூன்றாம் நாள் ஆள் விழுந்தார். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி மூடினேன். முப்பத்தொரு தடவை. உன் தம்பி ரூபன் நாலு வயதில் செத்துப்போன அந்த வருடம் மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்துப் பூசி நியாயம் கேட்டுவிட்டு வந்தேன், அம்மனுக்கு ஆயிரம் வேலை, இன்னும் நேரம் கிடைக்கவில்லை. நீ எழுதிய ஆட்டம் மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தது. காபி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாக இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இந்தச் சித்திரையில் நிஜ ஈஸ்வரமூர்த்தியின் போர்க்கிணறு மூன்றும் வற்றிவிட்டது. பங்காளிச் சண்டையில் அக்கம்பக்கத்தார் அவரோடு பேசுவதில்லை, மகன் மனோஜ்குமார் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவருகிற கேன் தண்ணீர் புதன்கிழமையைத் தாண்டுவதில்லை, மிச்ச நாளுக்குப் பஞ்சாயத்துக் குழாயை விட்டால் வேறு கதியில்லை. அந்தக் குழாயின் வால்வுச் சாவி என் கையில். மேல வீதிக்கு ஒரு மணி நேரம் விட வேண்டும். ஐம்பது நிமிடம் விட்டால் என்ன ஆகும், நாற்பது விட்டால் என்ன ஆகும் என்று உன் ஆட்டத்தில் நம் ஊரை அப்படியே கட்டிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் எல்லா வீட்டுக்கும் குடம் நிறைகிறது, மேட்டில் இருக்கிற கடைசி வீட்டுக்குக் காற்று மட்டும் போகிறது. நிஜத்திலும் நிமிடம் பிசகாமல் அப்படியே நடந்தது கண்ணு. மூன்று வாரம் அப்படித்தான் விட்டேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் பெண்சாதி, பண்ணாடிச்சி குழந்தையம்மாளே பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் தெருக் குழாய்க்கு வந்துவிட்டார். எழுபது வயது, கால் வீங்கியிருந்தது. நம் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னைப் பார்த்து, "பூவாத்தா, ஒரு கொடம் புடிச்சுக்கட்டுமா கண்ணு?" என்றார். அந்த வாயிலிருந்து எனக்குக் கண்ணு என்று வந்தது அன்றைக்குத்தான். நான், "மொறை வரட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது, குடத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஈஸ்வரமூர்த்தி வெயிலில் மயங்கி விழுந்தார், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்களாம், பிழைத்து வந்துவிட்டார். ரூபனுக்கு ஒரு பாட்டில் ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதை மெர்சி உனக்குச் சொல்லிவிட்டாள், நீ போனில் அழுதாய். உன் ஆட்டத்தில் யாராவது தாகத்தில் செத்தால் சொந்தக்காரர் நெஞ்சில் ஒரு கறுப்புப் புள்ளி விழும், அவர் வேலை செய்ய மாட்டார், மழை பெய்ததும் புள்ளி மறைந்து முகம் தெளிந்துவிடும். அந்த விதியை உன்னை நினைத்துத்தான் எழுதினேன் அம்மா, போதும், விட்டுவிடு என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ரூபன் செத்த வருடம் டேங்க் மோட்டார் எரிந்து, ஊருக்கே பண்ணாடி தோட்டத்து போர் தண்ணீர்தான். உன் அப்பா மாசாணம், அவர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு மதுக்கரையில் கூலி அதிகம் என்று போனது பண்ணாடிக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளும் நான் குடத்தோடு நின்றேன், மூன்று நாளும் மொறை வரட்டும் என்றே திருப்பி அனுப்பினார். இது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். மூன்றாம் நாள் வீட்டில் நல்ல தண்ணீர் ஒரே ஒரு டம்ளர் இருந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து முகம் சிவந்து வந்தாய், ரூபன் நிழலில் விளையாடிக்கொண்டிருந்தான். யார் தலைக்கு மேலும் சொட்டுத் தொங்கவில்லை, நான் எதை வைத்துப் பார்ப்பேன்? டம்ளரை உனக்குக் கொடுத்தேன். அவனுக்கு வாய்க்கால் குழியில் மொண்டு, துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். விறகு இருந்தது, காய்ச்சியிருக்கலாம், அன்றைக்கு எனக்கு அலுப்பு. ராத்திரியே அவனுக்கு வாந்தியும் பேதியும், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் என் மடியிலேயே அவன் கண் சொருகிவிட்டது. நீ குடித்தது உன் தப்பில்லை கண்ணு, இரண்டு டம்ளரையும் கொடுத்தது என் கை. ஈஸ்வரமூர்த்தியை முப்பத்தொரு தடவை கொன்றும் எனக்கு ஆறாததற்குக் காரணம் இதுதான்.

முப்பத்திரண்டாவது தடவை ஆட்டத்தில் பூவாத்தாள் என்று ஒருத்தியை வைத்தேன். அவளுக்கு ஒரு பிள்ளையும் வைத்தேன், அதற்குப் பேர் வைக்க எனக்குக் கை வரவில்லை. பிள்ளை விழுந்தது, அவள் நெஞ்சில் கறுப்புப் புள்ளி வந்தது, பிறகு அவளுக்கும் வால்வை மூடினேன். மூன்றாம் நாள் அவள் விழப்போகிற நேரத்தில் உன் மழை வந்துவிட்டது. புள்ளி மறைந்தது. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து செங்கல் சுமக்கப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, டேப்லெட்டைத் தூக்கி அரிசி மூட்டைமேல் போட்டேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை இங்கேயும் நல்ல மழை. கிணறு ஊறித் தொட்டி வழிந்தது, மேல வீதிக்கு ஒரு மணி நேரம் முழுசாக விட்டேன். வழிகிற தண்ணீரைத் திறந்து விடுவது என் வேலை, அதில் மன்னிப்பு எதுவும் இல்லை. என் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக் குழந்தையம்மாள் ஒரு கூடை மாங்காய் கொடுத்தனுப்பினார். ஆட்டுக்குப் போட்டேன். அடுத்த சித்திரையில் என்ன செய்வேன் என்று என்னைக் கேட்காதே.

நீ நல்லா இரு. மாசாணியம்மன் உன்னையாவது கண் திறந்து பார்க்கட்டும். குழாய்த் தண்ணீர் அங்கே சுத்தம்தான் என்று நவ்யா சொல்கிறாள், இருந்தாலும் காய்ச்சிக் குடி. இன்னொன்றை மறந்துவிடாதே, அந்த மழை விதியை எடுத்துவிடு. உன் ஆபீஸில் ஒத்துக்கொள்ளாவிட்டால், பூவாத்தாள் என்று பேர் வைத்த ஒருத்திக்கு மட்டுமாவது அது செல்லாதபடி செய்.

இப்படிக்கு
உன் அம்மா
பூவாத்தாள்