அக்காவுக்குத் தாகமாம்

டிசம்பர் 4

என் மூத்தவளுக்கு அம்மா எழுதுவது.

எப்போதும் 'கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம்' என்றுதான் தொடங்குவேன். இந்த முறை அந்த வரியை எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருங்கள். அது போதும்.

வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைகூட சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் குட்டிக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்தேன். நாலு மாதக் குழந்தைக்கு ஏது பல்? நீ சிரித்தாய்.

அப்பா அச்சகத்துக்குப் போய் வருகிறார். புதுவருடக் காலண்டர் வேலை குவிந்து கிடக்கிறதாம், விரல் எல்லாம் பசை. எனக்கு இந்த மாதம் பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைக்கும் வேலை. பக்கத்து மெஷின்காரி நான் இப்போதெல்லாம் பாடாமல் தைக்கிறேன் என்கிறாள். கோயிலில் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். பாடகர் குழு வீடு வீடாக வரத் தொடங்கியாயிற்று. நம் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்.

தம்பிக்குக் காய்ச்சல் இல்லை. நீ கொடுத்த கிட்னி போய்விட்டது.

எழுதிவிட்டேன். இனி மெல்ல மெல்லச் சொல்லுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருடம் இதே மாதம் மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த பிரசங்கியார் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். கிட்னி மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. "முழுசா நம்புறியா, பாதியா நம்புறியா?" என்று மட்டும்தான் கேட்டார். அந்தக் கேள்வியை வீடுவரைக்கும் சுமந்து வந்தவள் நான். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நம்பணுமா, இத முழுங்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றான். விளையாட்டாகக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நம்பு" என்று சொன்னேன்.

நீ ஊருக்குப் போகும் முன்பு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாயே, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று, சிவப்பு மையில். அந்தத் தாளை நானே உரித்தெடுத்தேன். அங்கே வசனக் காலண்டரை மாட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அந்தத் தாளைக் குப்பையிலிருந்து எடுத்து அவர் தன் பீரோவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருப்பதை மார்ச்சில்தான் பார்த்தேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

கிறிஸ்மஸ் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் மகன் மாத்திரை இல்லாமல் சுகமாக இருக்கிறான் என்றேன். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. அன்றைக்கு மதியம் நீ போன் செய்து, "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறானாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். கோயிலில் சொன்ன வாயாலேயே சொன்னேன். உனக்கு விசுவாசம் போதாது, அதனால் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மனதுக்குள் ஒரு நியாயம் வேறு வைத்திருந்தேன்.

ஜனவரி செக்கப்புக்கு அவனை அனுப்பவில்லை. பிப்ரவரியில் கால் வீங்கியது. உனக்குத்தான் தெரியுமே, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அந்தக் கிட்னிக்கு அவன் வைத்த பெயர் 'அக்கா' என்பது. அடிவயிற்றைத் தட்டிக்கொண்டு, "அக்காவுக்குத் தாகமாம், தண்ணி குடுங்க" என்பான். பாத்ரூமிலிருந்து வந்து, "அக்கா இன்னைக்கு நல்லா வேலை பாக்குறா" என்பான். பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, வீங்கின முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா பேசமாட்டேங்குறாம்மா" என்றான். அப்போதும் நான் இன்னும் மூன்று நாள் பொறுத்து ஜெபிப்போம் என்றேன். அப்பாதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, ஆட்டோவைக் கூட்டி வந்தார்.

டாக்டர் எழுதிக்கொண்டே, எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று கேட்டார். சொன்னோம். யார் கொடுத்த கிட்னி என்றார். "எங்க அக்கா சார்" என்றான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் பத்து நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் உப்பு இறங்கவே இல்லை. மே மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் சாய்ந்தால் பதினொன்று ஆகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்குமேல் கூடாது. பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது அவன் தொண்டை அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "இந்தப் புழுக்கத்துல எதுக்குடா முழுக்கைச் சட்டை?" என்று நீ போனில் கேட்டாயே, கையில் ஊசி குத்திய தழும்பு தெரியக்கூடாது என்றுதான்.

கிட்னி போனபோது நீ நாலு மாதக் கர்ப்பம். ஒற்றைக் கிட்னியோடு சுமக்கிறவள், பிரஷர் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் சொல்லியிருந்தார். பிரசவம் முடியட்டும் என்று மறைத்தோம். அது பாதி உண்மை. மீதி, உன் முகத்தைப் பார்க்க எனக்கு இருந்த பயம்.

இன்னொன்றும் எழுதவேண்டும். ஆபரேஷனுக்கு முன்பு, எனக்கு ரத்த வகை சேரவில்லை, அப்பாவுக்கு இருதயம் தாங்காது என்றார்கள். உன்னிடம் நான் கேட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. உன் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதேன். மூன்று நாள் அழுதேன். கேட்பதைவிட அது மோசம். கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை தடுத்தும் நீ வந்து படுத்தாய். நீ கொடுத்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், போதகருக்குச் சொன்னேன், டாக்டர் கையைப் பிடித்துச் சொன்னேன். உனக்குச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. என் வயிற்றில் பிறந்தவள்தானே என்று இருந்துவிட்டேன்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், தம்பி சென்ற வாரம் அப்பாவிடம், "கிறிஸ்மஸ் வரைக்கும் போறேம்பா, அதுக்கப்புறம் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்லுகிறவன்போல் சொன்னானாம். நிறுத்தினால் இரண்டு வாரம்கூடத் தாங்காது. நான் பேசினால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். உன்னைச் சொன்னால் மட்டும், "அவ மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?" என்கிறான்.

மகளே, நீ அவனைத் திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஆனால் கிறிஸ்மஸுக்கு முன்னாலோ அன்றைக்கோ அவனிடம் ஒரு தடவை பேசிவிடு. உன்னிடம் இன்னொன்று கேட்க எனக்கு வாயில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா

-

டிசம்பர் 30

என் மூத்தவளுக்கு அம்மா.

கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்பதை இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு உன் போன் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எழுதினால் அதுவும் உன்னிடம் வந்து அழுவதுபோல் ஆகிவிடும். வேண்டாம்.

கிறிஸ்மஸ் அன்று மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். அவன் வரமாட்டான் என்று நினைத்தேன், வந்தான். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பல மாதமாக எனக்கு ஜெபம் இப்படித்தான். முழங்கால் போடுகிறேன், ஆண்டவரே என்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. அவர் கேட்கிறாரா என்ற சந்தேகம்கூட இல்லை. கேட்டால் என்ன சொல்லுவேன் என்ற பயம்தான்.

நன்றி சொல்லுகிற நேரம் வந்தது. போதகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். போன வருடச் சாட்சி அவருக்கு ஞாபகம். நான் எழுந்து நின்றேன். "போன வருஷம் இதே இடத்துல நின்னு நான் சொன்னது தப்பு. என் மகனோட மாத்திரைய நிறுத்துனது நான்தான். என் மக குடுத்த கிட்னி அதுல போயிடுச்சு. என் பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா, நாளைக்கே போய் டாக்டரப் பாருங்க" என்றேன். ஆர்கன் வாசிக்கிறவர் அடுத்த பாட்டை நேரத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார். வாசலில் போதகரின் மனைவி என் கையைப் பிடித்து, "நல்ல நாளும் அதுவுமா சொல்ற விஷயமா இது?" என்றார். தம்பி வீடு வரும்வரை என் பக்கத்தில் நடக்கவில்லை. என்னால் அவன் மானமும் போயிற்றோ என்னவோ.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. என் போனை நான் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். அடித்தது அப்பாவின் போன். அவர் இரண்டு தடவை 'ம்' என்றார், அவனிடம் நீட்டினார். அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், சின்ன வயதில் மருந்துக்குக் கட்டுவானே, அப்படி. அப்பா போனை அவன் காதிலேயே வைத்துவிட்டார்.

அவன் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படியில் போய் உட்கார்ந்தான். நாற்பது நிமிடம். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றேன். ஒரு சமயம் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தேன்.

அவன் வந்து போனை அப்பாவிடம் கொடுத்தான். "அக்கா வச்சிட்டா" என்றான். என்னைக் கேட்டாளா என்றேன். தரையைப் பார்த்தான். "குட்டி அழுதுச்சும்மா, அதான் சீக்கிரம் வச்சிட்டா" என்றான். நாற்பது நிமிடம் அழாத குழந்தை! அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எனக்காக முயன்று பார்த்தான், பாவம்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவனே பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். போய் வந்தான். நேற்றும் போனான். அடுத்த வாரம் போவானா, அதற்கடுத்த வாரம் போவானா, தெரியாது. அவன் முகத்தில் ஒரு வெளிச்சமும் வந்துவிடவில்லை. சாப்பிடுகிறான், சுவரைப் பார்க்கிறான், படுக்கிறான். ஆனால் போனான்.

நீ என்னோடு பேசாதது சரி. இதைக் குத்தலாக எழுதவில்லை. நானாக இருந்தாலும் பேசமாட்டேன். கிட்னியைக் கொடுத்ததற்கும், அது போன பிறகும் அவனைக் கூப்பிட்டதற்கும், உனக்கு நன்றி. இதை ஆண்டவர் வழியாகச் சுற்றி அனுப்பவில்லை, நேரே உனக்குத்தான் சொல்லுகிறேன். இந்த ஒரு வார்த்தைதான் இப்போது என் வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

இனி நீ அப்பாவின் போனுக்கே கூப்பிடு. ஞாயிறு அந்த நேரத்தில் நான் பின்னறையில் இருப்பேன், கதவைச் சாத்திக்கொள்வேன். என் முகம் தவறிக்கூடப் படத்தில் விழாது, பயப்படாதே. தம்பியிடம் பேசு. குட்டியை அவனுக்குக் காட்டு. போனை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும், மாப்பிள்ளையையும், உன் கையிலிருக்கும் பிள்ளையையும் காக்கட்டும்.

அம்மா