ஒரு வெடிப்புகூட இல்லை

குளியலறை ஜன்னலில் இருந்த உன் கல்லை இன்று காலை என் மனைவி குப்பைக்கு எடுத்துப் போனாள். குதிகால் தேய்க்கிற சாம்பல் நிறக் கல். தேய்ந்து தேய்ந்து சோப்புத் துண்டளவு ஆகிவிட்டது. "நாளைக்குப் பெரிய வியாழன், இன்னைக்குப் போய் அதத் தூக்கிப் போடறியே" என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவள் குப்பைக் கூடையோடு வெளியே போய்விட்டாள். நீ போன இந்த எட்டு மாதத்தில் பல விஷயங்களில் என்னை அப்படியே விட்டுவிடுகிறாள்.

நாளை மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவியது தாழ்மையைக் காட்ட. நம் கோவிலில் அந்தத் தாழ்மைக்குக் கல்யாண மாப்பிள்ளைபோலத் தயாராவார்கள். அதிலும் நீ நாற்பது நாளுக்கு முன்பே, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே வெந்நீர், கல், தேங்காய் எண்ணெய் என்று ஆரம்பித்துவிடுவாய். "ஃபாதர் முத்தம் குடுக்கற கால்டா. அவருக்கு உதட்டுல குத்தக் கூடாது" என்பாய். முதல் நாற்காலி வருடா வருடம் உனக்குத்தான். தலைமைச் சீடர் பேதுருவின் நாற்காலி என்று நீயே பெயரும் வைத்திருந்தாய்.

நம் தெருக்காரர்கள் வாராவாரம் கூடி ஜெபிக்கிற அன்பியத்திலிருந்து அந்தப் பன்னிரண்டில் ஒருவரை அனுப்ப வேண்டும். ஒரு வருடம் பெயர் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசைதான், வேறு காரணம் கிடையாது. கேட்டவர்களிடம், "அவருக்குக் கால்ல வெடிப்புங்க, அவரே வேணாம்னுட்டார்" என்றேன்.

நீ புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தாய். உன் நாற்காலியில் நான் இருந்தேன். அன்பியத்து அக்கா ஒருவர் உன்னை நிறுத்தி, "கால் வெடிப்புக்கு மருந்து போடறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். அதன் பிறகு ஒரு வருடம் நீ என்னோடு பேசவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னால் இருந்த மூன்று வரிசைக்கும் கும்பிடு போட்டாய்.

அடுத்த தவக்காலம் வந்தது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நம் ஃபாதரிடம் எப்படிச் சொல்வது? அன்று என் காலைக் கழுவியவரே அவர்தான். அதனால் சேலையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பொழிச்சலூர் போனேன். தெரியாத கோவில், தெரியாத சாமியார், நிம்மதி. வரிசையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், எனக்கு முன்னால் இருந்த வழுக்கை உன்னுடையது.

நீயும் திரும்பினாய். இருவரும் சுவரில் இருந்த சிலுவைப்பாதைப் படங்களை மிகுந்த பக்தியோடு பார்க்க ஆரம்பித்தோம். உன் முறை வந்தது. திரை வரைக்கும் போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தாய். ஒரு வருடம் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "டேய், உள்ள நம்ம ஃபாதர்டா."

தவக்காலத்தில் சாமியார்கள் ஒருவர் கோவிலுக்கு ஒருவர் உதவிக்குப் போவது நம் இருவருக்கும் தெரியாத சங்கதியா? அவசரத்தில் மறந்துவிட்டோம்.

"நீ போ மொதல்ல" என்றாய்.

"நீதான முன்னாடி நின்ன."

"முன்னாடி எடம்னா உனக்குத்தான் உசுராச்சே. போ."

போனேன். முழங்காலிட்டு வாயைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது: "சேலையூர்லேர்ந்து பஸ் ஒடனே கெடைச்சுதா?" எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் வெகுநேரம் இருமினார். அது இருமல் இல்லை. பரிகாரமாக ஜெபம் எதுவும் தரவில்லை. "யார் யார்கிட்ட பொய் சொன்னீங்களோ, அவங்ககிட்ட எல்லாம் உண்மையச் சொல்லிடுங்க" என்றார்.

வெளியே டீக்கடையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நானும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உனக்கு ஊத்தற தண்ணி சுடச்சுட இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"பச்சத் தண்ணியாத்தான் இருந்துச்சு."

"தெரியும். மாதா உன் கட்சி."

மறுநாள் வீட்டுக்கு வந்து இந்தக் கல்லைக் கொடுத்தாய். "உன் காலப் பாத்தேன். உனக்குத்தான் வேணும்."

உன் நாற்காலி உனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் பரிகாரத்தை நான் செய்யவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெபமாலை முடிந்ததும் என் காதருகே, "இன்னைக்கா?" என்பாய். "அடுத்த வாரம்" என்பேன். ஐந்து வருடம் அடுத்த வாரமாகவே ஓடியது. அந்த அக்கா உன்னிடம், "இப்ப வெடிப்பு தேவலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே, "தேவலை, அக்கா" என்பாய். என்னைக் காட்டிக் கொடுக்கவே இல்லை.

பிறகு சர்க்கரை உன் காலைப் பிடித்தது. கல் படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலங்களில் நான் வந்து கழுவிவிடுவேன். ஒவ்வொரு முறையும், "சூடு பாத்தியா? நீயும் மாதாகிட்ட எதாவது சொல்லி வச்சிருப்ப" என்பாய். நான் என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் காலைத் தருவாய்.

அடக்கத்தன்று கூடத்தில் பெட்டியைச் சுற்றி அன்பியம் முழுவதும் நின்றது. உன் மனைவி வெள்ளை சாக்ஸை என்னிடம் கொடுத்து, "நீங்களே போட்டுவிடுங்கண்ணா" என்றாள். காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். இனி அடுத்த வாரம் கிடையாது.

"எல்லாரும் கேளுங்க" என்றேன். "அந்த வருஷம் நாற்காலிக்கு ஆசப்பட்டுப் பொய் சொன்னேன். இவன் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. இவன் கால்ல ஒரு வெடிப்புகூட இருந்ததில்ல. இப்பவும் இல்ல."

பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அக்கா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டிக்கு அருகே வந்தார். நான் அவசர அவசரமாக சாக்ஸை இழுத்துவிட்டேன். உன் இடது குதிகாலில் மூன்று வெடிப்பு இருந்தது.

ஆக, கையில் மறுபடியும் ஒரு பொய். நம் பழைய ஃபாதர் மாற்றலாகிக் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறார். போன வாரம் அவரிடம் சொல்லிவிடலாம் என்று தாம்பரம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பிவிட்டேன். வருந்தாமல் சொல்கிற பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது என்று நாம் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. நீ இல்லாததுதான் வருத்தம்.

நாளை அந்த முதல் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். உன் கல்லால் இப்போதுதான் தேய்த்து முடித்தேன். தண்ணீர் சுடச்சுட இருந்தால் சத்தம் போட மாட்டேன். நீ மாதாவிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன்.